மனைவி என்பவள் யாருடைய உடைமை?



சென்ற மடங்கல் (ஆவணி)த் திங்களில் தோவாளை வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நடைபெற்ற திருமணத்திற்கு என்னை வாழ்த்துரைக்க அழைத்திருந்தனர். மணமகள் என்னிடம் தமிழ் பயின்றவள். மேடையில் வடமொழி ஓதல் இல்லை; எரி வளர்த்தல் இல்லை; அம்மி மிதித்தல் இல்லை. திருக்குறள் ஓதி மாலை மாற்றினர். அழைப்பிதழில் தேடினும் ஓர் அயற்சொல் கிடையாது. என் நெஞ்சம் குளிர்ந்தது. நாம் அரும்பாடுபட்டு விதைத்த விதை முளைத்துவிட்டது என்று எண்ணி, அரை மணிநேரம் மனமார வாழ்த்தி இறங்கினேன்.

பந்தியில் மணமகளின் தந்தை என் அருகில் வந்தமர்ந்தார். "எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஐயா. பேசிய பவுனும் வண்டியும் நேற்றே கொடுத்தாயிற்று. வயலைப் பற்றிப் பின்னால் பேச்சு வரக்கூடாது என்று போன கிழமையே மகளிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்" என்றார். மூதாதையர் வழி வந்த வயலில் தனக்குள்ள பங்கைத் தன் உடன்பிறந்தானுக்கு விட்டுக்கொடுத்ததாக அப்பெண் எழுதிக்கொடுத்திருக்கின்றாள். பதிவகத்தில் அதற்கு வழங்கும் பெயர் என்ன தெரியுமா? 'விடுதலைப் பத்திரம்.' யாருக்கு விடுதலை? எதனின்று விடுதலை?

எனக்குச் சோறு இறங்கவில்லை. 'பத்திரம்' என்னும் வடசொல்லை நீக்கி 'ஆவணம்' என்று எழுதிவிட்டால் இக்கொடுமை தமிழ்மை பெற்றுவிடுமா? சொல்லைத் தூய்மை செய்தோம். செயலைத் தூய்மை செய்தோமா? அன்று தொட்டு என்னைக் குடைந்துகொண்டிருக்கும் இக்கேள்வியையே இங்கு உங்கள்முன் வைக்கின்றேன்.

இவ்வாறு கேட்டால் நம்மவருள் பலர் உடனே வடக்கே விரல் நீட்டுவர். "எல்லாம் மனு செய்த கேடு, தமிழனுக்கும் இதற்கும் தொடர்பில்லை" என்பர். மனு செய்த கேட்டை நான் குறைத்துக் கூறுபவன் அல்லேன். பெண் இளமையில் தந்தைக்கும், மணந்தபின் கணவனுக்கும், அவன் மறைந்தபின் மகனுக்கும் அடங்கியே இருத்தல் வேண்டும். எந்நிலையிலும் தன்னுரிமை அவளுக்கு இல்லை என்று விதித்தது அந்நூல். கணவன் ஒழுக்கங் கெட்டவனாயினும் அவனைத் தெய்வமாக வழிபடுக என்றது. மகப்பேறு இல்லாதவளை எட்டாம் ஆண்டிலும், பெற்ற மக்களை இழந்தவளைப் பத்தாம் ஆண்டிலும், பெண்மக்களையே பெற்றவளைப் பதினோராம் ஆண்டிலும், எதிர்த்துப் பேசுபவளை அப்பொழுதே ஒதுக்கி வேறொருத்தியை மணக்கலாம் என்று ஆண்டுக்கணக்கும் போட்டுத் தந்தது. மாட்டுத் தாவணியில் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுபவனும் இவ்வளவு கணக்குப் பார்ப்பானா என்பது ஐயமே.

ஆயின், இன்னொரு நாட்டையும் பாருங்கள். மனுவின் பெயரையே கேளாத நாடு அது.

பழஞ்சீனத்துச் சடங்கு நூல்கள் பெண்ணுக்கு 'மூன்று பின்பற்றல்' என்றொரு விதியை வகுத்தன. மணமாகுமுன் தந்தையைப் பின்பற்றுக; மணமானபின் கணவனைப் பின்பற்றுக; கணவன் இறந்தபின் மகனைப் பின்பற்றுக என்பதே அது. மனுவின் விதியை அப்படியே பெயர்த்தெழுதியது போன்றிருக்கின்றது, அன்றோ? ஆனால் பெயர்த்தெழுதியதன்று. புத்தநெறி வழியாக இந்தியச் சிந்தனை சீனத்துள் நுழைந்தது கி.பி. முதல் நூற்றாண்டளவில். அதற்கு முன்னரே சீனர் இவ்விதியை எழுதி வைத்துவிட்டனர்.

மனைவியை விலக்குதற்குச் சீனர் ஏழு குற்றங்களைக் குறித்தனர். மாமன் மாமிக்குப் பணியாமை, ஆண்மகவு பெறாமை, ஒழுக்கந் தவறுதல், பொறாமை கொள்ளுதல், தீரா நோய், மிகுதியாகப் பேசுதல், களவு என்பன அவை. கணவன் வேறு பெண்ணை வீட்டிற்குக் கொணர்ந்தால் இவள் முகஞ் சுளிப்பது பொறாமை என்னும் குற்றம். 'ஏன் இவ்வாறு செய்தீர்?' என்று கேட்பது மிகைப்பேச்சு என்னும் குற்றம். இவ்வேழுக்கும் மூன்று விலக்குகளும் உண்டு. மாமன் மாமிக்கு மூவாண்டு துயர் காத்தவளையும், வறுமையில் மணந்து பின்னர்க் கணவன் செல்வனாகக் கண்டவளையும், திரும்பிச் செல்லப் பிறந்த வீடில்லாதவளையும் துரத்தலாகாது. கி.பி. 653-இல் வெளிவந்த தாங் மரபு அரசரின் சட்டத்தொகுப்பு இவற்றை நாட்டின் சட்டமாகவே ஆக்கிற்று.

கான் மரபு அரசர் காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதனை அடுத்தும் வாழ்ந்தவர் பான் சாவோ என்னும் பெண்மணி. தமையன் முடியாது விட்ட பெருவரலாற்று நூலை முடித்துத் தந்த பேரறிவாளர். பதினான்கு அகவையில் மணமாகி இளமையிலேயே கணவனை இழந்தவர். பெண்களுக்கு அறிவுரையாக ஏழு பகுதிகள் கொண்ட நூலொன்றை இவர் எழுதினார். பெண்குழந்தை பிறந்த மூன்றாம் நாள் அதனைக் கட்டிலின் கீழே கிடத்தி, விளையாட ஓட்டுத்துண்டு ஒன்றைக் கொடுக்கும் பழவழக்கத்தை அந்நூலில் எடுத்துக்காட்டிக் கீழே கிடத்துவது அவள் பணிவுடையவளாதற்கு என்று பொருள் கூறுகின்றார். அதே நூலில், ஆண்பிள்ளைக்குக் கல்வி தருவது போலப் பெண்பிள்ளைக்கும் தருதல் வேண்டாவா என்றும் கேட்கின்றார். கல்வியின் சுவை கண்டவர் கல்வியைக் கேட்டார். ஆயினும் அடிமைத்தனத்தை அறம் என்றே எழுதினார். தளையை அணிகலன் என்று நம்பவைப்பதே தளையிட்டவனின் பெருவெற்றி.

இப்பொழுது எண்ணிப் பாருங்கள். இமயத்திற்கு இப்பால் மூன்று காவல். அப்பால் மூன்று காவல். இப்பால் விலக்கும் கணக்கு. அப்பால் விலக்கும் கணக்கு. ஒருவர் மற்றவரிடம் கற்றிலர். இருவேறு இனத்தார், இருவேறு மொழியார் ஒரே விதியை எவ்வாறு எழுதினர்? இஃது ஆரியக் குருதியில் மட்டும் ஊறிய நஞ்சாயின் சீனன் நாவில் எவ்வாறு வந்தது? இறைவன் கட்டளையாயின் எந்த இறைவன், எந்த மொழியில் கட்டளையிட்டான்?

விடை அவ்விரு நூல்களிலேயே உள்ளது. மனைவி, மகன், அடிமை ஆகிய மூவர்க்கும் தனியுடைமை இல்லை. அவர்கள் ஈட்டுவது அவர்களை உடையவனையே சேரும் என்கின்றது மனுநூல். மருமகளுக்குத் தனிப்பொருள் இல்லை, தனிச்சேமிப்பு இல்லை, தனிக்கலம் இல்லை என்கின்றது சீனத்துச் சடங்கு நூல். கண்டீர்களா? இரு நாட்டிலும் நிலம் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. இரு நாட்டிலும் இறந்த முன்னோர்க்குப் படையல் இடும் உரிமை மகனுக்கே இருந்தது. ஆகவே மகன் வேண்டும். அவன் தன் மகனே என்னும் உறுதி வேண்டும். அவ்வுறுதிக்காகப் பெண்ணைப் பூட்டிவைத்தல் வேண்டும். பூட்டுக்குத்தான் 'அறம்' என்று பெயரிட்டனர். நிலம் எவ்வழிச் செல்கின்றதோ, அவ்வழியே நெறியும் வளைந்து செல்கின்றது. இதுவே என் முடிபு.

வடவர் செய்த தனிக்கேடு ஒன்றுண்டு. சீனன் தன் விதியை முன்னோர் வழக்கு என்றான். வடவனோ கணவனையே கடவுளாக்கிவிட்டான். மாந்தர் வகுத்ததை மாந்தர் மாற்றலாம். கடவுள் வகுத்ததென்றால் எவர் மாற்றுவது? 1829-இல் ஆங்கில ஆட்சித்தலைவர் பெண்டிங்கு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது, உயிருள்ள பெண்ணைப் பிணத்தோடு எரியாதீர் என்று தடுப்பதற்கு! சீனத்திலும் பெண்ணின் காலை வரிந்து கட்டி எலும்பை ஒடித்து அதனை அழகென்றனர். கைம்பெண்ணாகவே காலங்கழித்தவளுக்குக் கல்லில் வளைவு எடுத்துக் கொண்டாடினர். ஆனால் 1918-இல் இலூ சுன் என்னும் எழுத்தாளர், கற்பென்பது பெண்ணுக்கு மட்டும் ஏன் என்று தம் நாட்டு முன்னோரையே கூண்டில் ஏற்றினார். 1912-இல் கால்கட்டுதலும், 1950-இல் புதிய திருமணச் சட்டத்தால் பழைய மணமுறையும் தடைசெய்யப்பட்டன. தம் பழம்பெருமையைப் பழிக்கலாமா என்று அவர்களுள் அறிவுடையோர் அஞ்சவில்லை. நாம் அஞ்சலாமா?

இனி நம் நாஞ்சில் நாட்டிற்கு வருவோம். தோவாளையும் அகத்தீசுவரமும் சேர்ந்த இவ்வயல்நாட்டில் ஒருவன் இறந்தால் அவன் உடைமை அவன் மக்களுக்குச் செல்லாது, உடன்பிறந்தாளின் மகனுக்குச் செல்லும் மருமக்கள்வழி முறை வேளாளரிடையே வழங்கிற்று. மலையாள நாட்டு ஆட்சியின் கீழ் இங்குப் படிந்த வழக்கு இது என்பர். "ஆகா! பெண்வழி உரிமை! பெண்ணுக்குப் பேராட்சி!" என்று வெளியூர் அறிஞர் சிலர் வியந்து எழுதுவதைப் படித்திருப்பீர்கள். அவர்கள் இவ்வீடுகளுக்குள் புகுந்து பார்த்தவரல்லர்.

மலையாளத்துத் தாய்வழிக் குடும்பத்தில் பெண் தன் தாய்வீட்டிலேயே இருந்தாள். கணவன் வந்து போனான். நாஞ்சில் நாட்டிலோ பெண் கணவன் வீட்டிற்கு வந்தாள், அங்கே உழைத்தாள், அங்கேயே பெற்று வளர்த்தாள், ஆனால் அவ்வீட்டின் ஒரு செங்கல்லும் அவளுக்கோ அவள் மக்களுக்கோ உரியதன்று. பெண்வழியாகச் சென்றது உடைமையின் பெயர் மட்டுமே. ஆட்சி செய்தவன் காரணவன் என்னும் ஆண். மனைவி மக்களுக்குக் கிடைத்த சிறுபங்கிற்கு 'உகந்துடைமை' என்று பெயர். அச்சொல்லை ஆராய்ந்து பாருங்கள்! கணவன் உகந்து கொடுத்தது. உரிமையால் பெற்றதன்று, உவப்பால் வீசியது. ஒரு குமுகாயம் தன் மனைவியரை எந்நிலையில் வைத்திருந்தது என்பதற்கு ஆயிரம் பக்க வரலாறு வேண்டா. இவ்வொரு சொல்லே போதும்.

என் தந்தையின் பாட்டி அவ்வாறு வெளியேறியவர்தாம். கணவனின் பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மாலையே, மருமகன் பத்தாயத்துச் சாவியைக் கேட்டு வந்து நின்றான் என்று என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கின்றேன். அப்பத்தாயத்து நெல்லில் அவ்வம்மையார் நாற்று நட்டு, களை பறித்துச் சிந்திய வியர்வை இருந்தது. கையில் இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பித்தளைக் குடத்தோடும் தம் தமையன் வீட்டுப் படியேறினார். குடம் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றது.

இக்கொடுமையைப் பாட்டில் வடித்தவர் தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்னும் அவருடைய நூல் முதலில் இதழில் தொடராக வந்து 1942-இல் நூலாயிற்று. 'மான்மியம்' என்றால் பெருமை கூறும் நூல். சிறுமையைப் பெருமையெனப் பெயரிட்டு நகைத்தார் அவர். அதனினும் பெரிது, அக்கதையை அவர் எவர் வாயால் கூறுவித்தார் என்பது. காரணவன் ஒருவனின் ஐந்தாம் மனைவியின் வாயால் கூறுவித்தார்! சீனத்துச் சடங்கு நூலில் மனைவி பேசவில்லை. மனுநூலில் மனைவி பேசவில்லை. தேரூர்ப் புலவன் பாட்டில் மனைவி பேசினாள். கூடத்தில் குரலெழுப்பினால் குற்றம் என்ற நாட்டில், அவள் அழுகையை ஊர் கேட்கச் செய்தான் அவன். 1926-இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறி மனைவி மக்களுக்கு உரிமை பிறந்தது. அதற்குப் பாட்டும் துணைநின்றது. தமிழ்ப் புலவன் என்பவன் இவ்வாறு பயன்பட வேண்டியவன். யாப்பெண்ணி அசைபிரித்துக் கொண்டிருப்பதற்கு மட்டும் பிறந்தவன் அல்லன்.

"அவையெல்லாம் இடைக்காலத்துக் கேடுகள், நம் பண்டைத் தமிழகத்தில் மனைவி அரசியாய் இருந்தாள்" என்று அடுத்த விடை வரும். நானும் தமிழ்ப்புலவனே. நாற்பது ஆண்டுகளாகப் பழைய நூல்களோடு புழங்குகின்றேன். அவற்றில் உள்ளதை உள்ளவாறே கூறுகின்றேன், கேளுங்கள்.

பெருமைப்படத் தக்கவை உள்ளன. கண்டு, காதலித்து, பின்னரே மணந்த களவொழுக்கத்தைத் தனியே ஓர் இயல் வகுத்துப் பேசியவர் தொல்காப்பியர். ஏமாற்றும் பிழையும் தலைகாட்டிய பிறகே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்று அவர் கூறுவதிலிருந்து, சடங்கிற்கு முன்னரும் இல்வாழ்க்கை இருந்தது தெளிவு. அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் வரும் திருமணத்தில் எரியில்லை, ஆரியன் இல்லை. மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் மணமகளை நீராட்டி வாழ்த்துகின்றனர். ஔவையார், வெள்ளிவீதியார், நச்செள்ளையார், மாசாத்தியார் என முப்பதுக்கு மேற்பட்ட பெண்பாற் புலவர் பாடிய நாடு இது. கொலைக்களத்தில் கணவனை இழந்த பெண்ணொருத்தி அரசன் அவையில் ஏறி, நீ செய்தது பிழை என்று மெய்ப்பித்து, அவன் அரியணையிலேயே உயிர்விடக் கண்டது நம் காப்பியம். மிகுதியாகப் பேசினாள் என்று சீனன் அவளை விலக்கியிருப்பான். எதிர்த்துப் பேசினாள் என்று மனு அவளை அன்றே ஒதுக்கியிருப்பான். நாம் அவளைத் தெய்வமாக்கினோம். பிறன்மனை விழையாமையை ஆணுக்குப் பத்துப் பாக்களால் வலியுறுத்தினார் வள்ளுவர்.

நாணத் தக்கவையும் உள்ளன. ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் என்னும் அரசனை அறிவீர்கள். நம் பூதப்பாண்டி ஊரின் பெயரோடு அவனை இணைத்துப் பேசுவது நம் வட்டாரத்து வழக்கு. அவன் இறந்தபோது அவன் தேவி தீப்பாய்ந்தாள். தடுத்த சான்றோரைக் கடிந்து அவள் பாடியதாகப் புறநானூற்றில் 246-ஆம் பாட்டு உள்ளது. அதனைக் கற்பின் பெருமை என்று மேடைதோறும் முழங்குவோரே! அப்பாட்டில் அவள் எதற்கு அஞ்சினாள் என்று பார்த்தீர்களா? தீக்கு அஞ்சவில்லை, கைம்மைக்கு அஞ்சினாள். நெய் தொடாத பழஞ்சோற்றையும் வேளைக்கீரையையும் தின்று, பாயின்றிப் பருக்கைக்கல்லில் படுத்துக் கிடக்கும் வாழ்வைக் காட்டிலும் எரியும் ஈமம் அவளுக்குக் குளிர்ந்த குளமாகத் தோன்றிற்று. அரசியின் நிலையே இதுவாயின் உழவன் மனைவியின் நிலை என்ன? அக்கைம்மை நோன்பு பிற புறப்பாட்டுகளிலும் வருகின்றது: கூந்தல் களைதல், வளை களைதல். மனுவைக் கூண்டில் ஏற்றும்போது இவற்றை மறைத்து வைத்தால் நாம் வழக்குரைஞர் ஆவோம், மெய்யறிஞர் ஆகமாட்டோம்.

ஆகவே, பழமை என்பதற்காகவே ஒன்று நம்முடையதாகாது. நம் மூத்தோர் செய்தனர் என்பதற்காகவே அறமும் ஆகாது. நெல்லை முறத்திலிட்டுப் புடைப்பவள் உமியும் நம் வயலில் விளைந்ததுதானே என்று அதனையும் உலையிலிடுவாளா?

நம் மாவட்டத்திலேயே இரண்டு கோயில்கள் உள்ளன. ஒன்று சுசீந்திரம். அவ்வூர்த் தலக்கதை என்ன? அத்திரியின் மனைவி அனசூயையின் கற்பைச் சோதிக்கத் தெய்வங்கள் மூன்றும் வந்து, ஆடையின்றி உணவு படைக்கச் சொன்னவாம். அவள் தன் கற்பின் வலிமையால் அம்மூவரையும் குழந்தைகளாக்கினாளாம். கதையைக் கேட்டு உருகுவோரே! மனைவியைச் சோதிக்க விண்ணிலிருந்து மூவர் வந்தனர். கணவனைச் சோதிக்க ஒருவரேனும் வந்தனரா? மற்றொன்று கடலோரத்துக் குமரி. மணம் நின்றுபோன பின்னும் எவர்க்கும் மனைவியாகாமல், எவர் காவலிலும் நில்லாமல், முக்கடல் முன்னே தனித்து நிற்பவள். தந்தை, கணவன், மகன் என்னும் மூன்று காவலுள் எதுவும் அவளுக்கில்லை. ஆயினும் நம் நாட்டின் தென்முனையும் நம் மாவட்டமும் அவள் பெயரையே தாங்கியுள்ளன. அனசூயையை மேடையில் போற்றும் நம் பேச்சாளர், குமரியைக் கும்பிட்டு வந்துவிட்டு, மணமாகாத தம் மகளை மட்டும் 'கழிந்துபோனவள்' என்று பேசுவது எந்த அறம்?

இடையில் இசக்கிகளும் உள்ளனர். முப்பந்தல் தொடங்கி ஊர்தோறும் மரத்தடியில் நிற்கும் இசக்கியரின் வில்லுப்பாட்டைக் கேட்டுப் பாருங்கள். வஞ்சிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட பெண்ணே தெய்வமாகின்றாள். உயிரோடிருக்கையில் முறை வழங்கோம்; கொன்றபின் கோயில் எடுப்போம் என்பதே இவ்வழிபாட்டின் பொருளாயின், அக்கோயில்கள் நம் பெருமைக்குச் சான்றல்ல; நம் குற்றத்திற்குச் சான்று.

இனி, மறுப்போர் கூறும் இரண்டு செய்திகளுக்கு விடை கூறுவேன்.

"மகளுக்குத்தான் நகை போட்டு அனுப்புகின்றோமே, அதுவே அவள் பங்கு" என்பர். நகை எங்கே போகின்றது? கணவன் வீட்டுப் பெட்டிக்கும், அங்கிருந்து அடகுக்கடைக்கும் போகின்றது. வயல் எங்கும் போகாது. நாள்தோறும் அடிபடும் பெண்ணுக்குத் 'திரும்பிப் போக எனக்கு ஒரு மரக்கால் விதைப்பாடு உண்டு' என்னும் எண்ணம் தரும் துணிவை எந்த ஒட்டியாணமும் தராது. திரும்பிச் செல்ல வீடில்லாதவளை விலக்காதே என்றானே சீனன், அவனேனும் அவள் ஏதிலி என்பதை ஒப்புக்கொண்டான். நாமோ கையெழுத்து வாங்கி நாமே அவளை ஏதிலியாக்கி, அதன்பின் 'பொறுத்துப் போ, மகளே' என்று அறிவுரையும் கூறுகின்றோம்.

"அன்பால் ஆனது இல்லறம், அதில் உடைமைக் கணக்குப் பேசுவது மேலைநாட்டார் வழக்கம்" என்பர். நன்று. கணக்குப் பேசலாகாது என்றால், பேசிய பவுனை எண்ணி வாங்கியது எவர்? மணக்கொடையைத் தடுக்கும் சட்டம் 1961-இல் வந்தது. அச்சட்டம் மீறப்படும் பந்தலில் குறளை ஓதுவது குறளுக்கு நாம் செய்யும் இழிவு. மகளிர்க்கு உடைமையில் ஒத்த உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டுத் தன்மதிப்பு இயக்க மாநாட்டில் பெரியாரும் தோழரும் தீர்மானித்தனர். அது மேலைநாட்டிலிருந்து கப்பலில் வந்ததன்று. 1989-இல் தமிழ்நாடு அதனைச் சட்டமாக்கிற்று. 2005-இல் இந்தியா முழுமைக்கும் ஆயிற்று. மகள் பிறப்பாலேயே பங்காளி என்று 2020-இல் உச்சநயன்மன்றம் உறுதிசெய்தது. சட்டம் கொடுத்ததை நாம் பதிவகத்து வாயிலில் பறித்துக்கொள்கின்றோம். உகந்துடைமையும் போயிற்று, உகந்து கொடுப்பவள் இப்பொழுது மகளாகிவிட்டாள்! அவள் உகந்துதான் கொடுக்கின்றாளா என்று எவரேனும் கேட்டதுண்டா?

பிறரைக் குற்றஞ்சாட்டி முடித்துவிட்டால் என் நெஞ்சே என்னைக் குத்தும். 1998-இல் எங்கள் தந்தையார் மறைந்த மறு ஆண்டில் என் தங்கை எனக்கு அத்தகைய ஆவணம் எழுதிக்கொடுத்தாள். ஒரு பட்டுப்புடைவை எடுத்துக்கொடுத்தேன். அன்று மாலையே ஓர் இலக்கியக் கூட்டத்தில் பெண்ணின் பெருமை பற்றி ஒரு மணிநேரம் பேசினேன். கூட்டம் கைதட்டிற்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவ்வயலின் நெல்லை நானும் என் வீட்டாரும் உண்டோம்.

அத்திருமணத்திலிருந்து திரும்பிய மறுகிழமை, அவள் பங்கை அவள் பெயருக்கே பதிந்து கொடுத்துவிட்டு வந்தேன். பெருஞ்செயல் புரிந்துவிட்டதாக எண்ணி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. "அன்றைக்கு என்னை ஒருமுறை கேட்டிருந்தால் போதுமே, அண்ணா" என்றாள். அவ்வளவே. மூன்று காவல் விதியை எழுதிய சீனனும் அவளைக் கேட்கவில்லை, மனுவும் கேட்கவில்லை, தனித்தமிழ்ப் புலவன் ஆகிய நானும் கேட்கவில்லை. எங்கள் மூவர்க்கும் என்ன வேற்றுமை?

அன்பர்களே! 1916-இல் தோன்றிய நம் தனித்தமிழ் இயக்கத்தின் பிறப்பிலேயே ஒரு மகள் இருக்கின்றாள். மறைமலையடிகள் தம் மகள் நீலாம்பிகையோடு உரையாடியதினின்று அவ்வெண்ணம் உருப்பெற்றது என்பது நாம் பெருமையோடு கூறும் வரலாறு. அம்மகளே பின்னர் 1937-இல் வடசொல் தமிழ் அகரவரிசையை நமக்குத் தந்தார். மகளைப் பேசவிட்ட தந்தையால் ஓர் இயக்கம் பிறந்தது. மகளின் வாயை மூடிக் கையெழுத்தை மட்டும் வாங்கும் தந்தையரால் அவ்வியக்கம் எவ்வாறு வாழும்?

'பதிவிரதை' என்னும் வடசொல்லை நீக்கிக் 'கற்பரசி' என்று எழுதினோம், பொருளை மாற்றவில்லை. 'வரதட்சணை'யை நீக்கி 'மணக்கொடை' என்றோம், தொகையைக் குறைக்கவில்லை. அயற்சொல் நாவில் மட்டும் ஒட்டியதன்று, வாழ்க்கையிலும் ஒட்டியுள்ளது. நாவைக் கழுவுவது எளிது. வாழ்க்கையைக் கழுவுவதற்கு வயலில் பங்கு கொடுக்க வேண்டும், அதுதான் கடினம்.

ஆகவே நம் இயக்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள். மணக்கொடை பேசிய திருமணத்தில், அது எத்துணைத் தூய தமிழில் நடப்பினும், வாழ்த்துரைக்க ஏறாதீர்கள். மகளிடமோ தங்கையிடமோ உரிமைவிடும் ஆவணம் எழுதி வாங்காதீர்கள். வாங்கியிருப்பின் திருப்பிக் கொடுங்கள். கணவனை இழந்தவளை மங்கல நிகழ்ச்சிகளில் பின்னுக்குத் தள்ளாமல், மணமக்களை முதலில் வாழ்த்த அவளையே அழையுங்கள். இம்மூன்றையும் செய்யாதவன் எத்துணை வடசொற்களைக் களைந்தாலும், அவன் வீட்டில் மனுவே குடியிருக்கின்றான். தமிழ் பேசிக்கொண்டு குடியிருக்கின்றான் என்பது ஒன்றே வேற்றுமை.

என் பாட்டியின் தாய் தூக்கிச்சென்ற பித்தளைக் குடத்தை என் தங்கையிடமே கொடுத்துவிட்டேன். அதனை வைப்பதற்கு அவளுக்கு இப்பொழுது சொந்தமாக ஓரடி நிலம் இருக்கின்றது.